கைபேசி ஒளிப்படம்

கைபேசிக்குள்ளேயே அமைந்த கேமராவால் எடுத்து, அந்தக் கைபேசியிலிருந்தே பிறருக்கு அனுப்பக்கூடிய படம் கைபேசி ஒளிப்படம் எனப்படும். எடுப்பதோடு அனுப்புவதும் இதன் இலக்கணத்தில் சேரும். சிறு டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுவே. தமிழில் புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம் ஆகிய மூன்று சொற்களும் வழங்குகின்றன. தன்னைத் தானே எடுத்துக்கொள்ளும் படத்துக்குத் தம்படம், தாமி, சுயமி எனப் பல பெயர்கள் முன்மொழியப்பட்டாலும் பேச்சில் செல்ஃபி என்பதே நிலைத்துவிட்டது.

ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்துவைக்கும் சிசிடி சில்லை 1969இல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கினர். அதற்கான நோபல் பரிசில் 2009இல் இருவரும் பங்குபெற்றனர். 1975இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த கேமரா ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை இருந்தது. 10,000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடா கேசட்டில் பதிய அதற்கு 23 வினாடிகள் ஆயின. கையடக்கக் கேமராக்களில் 1995இல் வந்த கேசியோ கியூவி-10 ஒரு திருப்பம். அதன் முதுகில் சிறிய வண்ணத்திரை இருந்ததால், எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே சுற்றி நிற்பவர்களுக்குக் காட்ட முடிந்தது. இதற்கிடையே, விண்கலங்களுக்குச் சிறிய கேமரா தேடிய நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாசம் 1990களின் தொடக்கத்தில் சிமாஸ் படச்சில்லை மேம்படுத்தினார். சிசிடியைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் இது இயங்கும்; படத்தைச் செப்பனிடும் சுற்றுகளையும் அதே சில்லில் வைக்கலாம். கைபேசியின் சிறிய மின்கலம் கேமராவையும் தாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முதல் கைபேசி ஒளிப்படம் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 1997 ஜூன் 11 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகரில் மகள் பிறந்தபோது, மென்பொருள் தொழிலதிபர் பிலிப் கான் எடுத்து அனுப்பிய படத்தைப் பலர் முதலாவதாகக் கொள்வர். மருத்துவமனையிலேயே உட்கார்ந்து கேமரா, மோட்டோரோலா கைபேசி, மடிக்கணினி ஆகிய மூன்றையும் கம்பியால் இணைத்து, குழந்தையின் படத்தை ஏறத்தாழ 2,000 பேருக்கு அனுப்பியதாக அவர் கூறியுள்ளார். ஆனால் அது மூன்று கருவிகளின் கூட்டு. ஒரே கைபேசி அன்று. 1999 மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த கியோசெரா விபி-210இல் கேமரா உள்ளேயே இருந்தது. எனினும் அது முதன்மையாக முகம் பார்த்துப் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. வினாடிக்கு இரண்டு படச்சட்டங்களை அனுப்பும். 2000இல் தென்கொரியாவில் வந்த சாம்சங் எஸ்சிஎச்-வி200 இருபது படங்கள் வரை எடுத்துவைக்கும். அவற்றை அனுப்பவோ கணினியில் இணைத்தாக வேண்டும். அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் ஜே-ஃபோன் சேவைக்காகச் செய்த ஜே-எஸ்எச்04, எடுக்கவும் செய்தது, அஞ்சலில் இணைத்து அனுப்பவும் செய்தது. எடுத்தலை அளவுகோலாகக் கொள்வோர் கியோசெராவையோ சாம்சங்கையோ சொல்வர். அனுப்புதலையும் சேர்ப்போர் ஷார்ப்பைச் சொல்வர்.

ஜே-எஸ்எச்04 வெறும் 74 கிராம் எடை. படச்சில்லில் 1,10,000 படப்புள்ளிகள், திரையில் 256 வண்ணங்கள். முதுகுப்புறம் லென்ஸுக்கு அருகே ஒரு சிறு கண்ணாடி பதிக்கப்பட்டிருந்தது. கைபேசியைத் திருப்பிப் பிடித்து, அந்தக் கண்ணாடியில் தன் முகம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். தோழிகள் இருவர் கன்னத்தோடு கன்னம் சேர்த்தால்தான் இருவர் முகமும் அதில் அடங்கும். 1995 முதல் ஜப்பானிய விளையாட்டுக் கூடங்களில் பள்ளி மாணவியர் வரிசையில் நின்று, சாவடிக்குள் நெருக்கியடித்து எடுத்துக்கொண்ட ‘புரிகுரா’ ஒட்டுப்படங்களின் பழக்கம் இதற்கு வழி அமைத்தது எனலாம். செல்ஃபி என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இப்போது அறியப்பட்ட மிகப் பழைய சான்று 2002ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கண்ணாடி அதற்கும் மூத்தது.

இந்தக் கைபேசியின் தோற்றம் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. ஜே-ஃபோன் அலுவலர் ஒருவர் ஹகோனே மலையில் கம்பிவட ஊர்தியில் சென்றபோது, உடன் வந்த பெண் ஒருவர் கண்ணெதிரே விரிந்த காட்சியைக் கைபேசியில் எழுத்து எழுத்தாகத் தட்டி யாருக்கோ தெரிவிக்க முயன்றதைக் கண்டாராம். காட்சியையே அனுப்பிவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்போது பிறந்ததாம். இதே எண்ணம் வேறு நிறுவனங்களிலும் அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்ததால் இதனை ஒற்றைத் தோற்றுவாயாகக் கொள்வது கடினம். சேவைக்கு ‘ஷா-மேல்’ என்று பெயரிட்டனர். ஷஷின் என்றால் ஒளிப்படம், மேல் என்பது மின்னஞ்சல். மக்கள் நாவில் அது ‘ஷாமே’ எனத் தேய்ந்து, எந்த நிறுவனத்தின் கைபேசியில் எடுத்தாலும் வழங்கும் பொதுச்சொல் ஆயிற்று. ஜே-ஃபோன் என்ற பெயர் 2003இல் மறைந்த பிறகும் சொல் பிழைத்திருந்தது. போட்டி நிறுவனமான டோகோமோ 2002 ஜூனில்தான் கேமராக் கைபேசியோடு களமிறங்கியது. அதையும் செய்து கொடுத்தது ஷார்ப்பே. அவ்வாண்டே ஷார்ப் கைபேசியொன்று கியூஆர் குறியைப் படிக்கத் தொடங்கியது. 2003 மே மாதம் பத்து லட்சம் படப்புள்ளிகள் கொண்ட ஜே-எஸ்எச்53 வெளிவந்தது.

மக்கள் எதைப் படமெடுத்தனர் என்பதை மிசுகோ இட்டோ, டைசுகே ஒகாபே ஆகிய ஆய்வாளர்கள் ஜப்பானில் அப்போதே பதிவு செய்தனர். திருமணம், சுற்றுலா என்று நாள் பார்த்துக் கேமராவை வெளியே எடுத்த வழக்கம் மாறி, தட்டில் வந்த உணவு, புதிதாக வெட்டிய முடி, வீட்டுப் பூனை, போகிற வழியில் கண்ட ஏதோ ஒன்று ஆகியவையெல்லாம் படமாயின. அவற்றில் பெரும்பாலானவை எங்கும் அனுப்பப்படாமல் கைபேசியிலேயே தங்கின. அனுப்பப்பட்டவையும் காதலர், இணையர், நெருங்கிய தோழர் என்ற சிறு வட்டத்துக்குள்ளேயே நின்றன. பின்னாளில் உலகமே பார்க்கப் படம் போடும் பழக்கம் வந்ததை நினைத்தால், தொடக்கத்தில் இருந்த இந்த அந்தரங்கம் குறிப்பிடத்தக்கது.

பூசல்களும் இக்காலத்திலேயே எழுந்தன. புத்தகக் கடையில் நின்றபடி இதழ்ப் பக்கங்களைப் படமெடுத்துச் செல்வதை ‘டிஜிட்டல் மாம்பிகி’, அதாவது டிஜிட்டல் கடைத்திருட்டு, என்று கண்டித்து ஜப்பானிய இதழ் வெளியீட்டாளர் சங்கம் 2003இல் பரப்புரை செய்தது. பெண்களை அவர்கள் அறியாமல் படமெடுப்பது இன்னும் கடுமையான சிக்கலாக இருந்ததால், அமைதி நிலையிலும் ஷட்டர் ஒலி எழும்படி ஜப்பானிய நிறுவனங்கள் தாமாகவே செய்தன. அங்கு இந்த ஒலியைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. தென்கொரியாவிலும் 2004 முதல் ஒலி கட்டாயமாயிற்று. இயந்திரக் கேமராவில் திரை விழுவதால் எழுந்த ஓசை, அத்தகைய திரையே இல்லாத கருவியில் எச்சரிக்கை மணியாக மறுபிறவி எடுத்தது.

ஐரோப்பாவில் நோக்கியா 7650 (2002) கைபேசி ஒளிப்படத்தைப் பரப்பியது. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பின்போது சுரங்க ரயிலில் சிக்கிய பயணிகள் எடுத்த படங்கள் செய்தி நிறுவனங்களில் இடம்பெற்றன. 2007இல் வந்த முதல் ஐஃபோனின் கேமரா எளியது, காணொலிகூட எடுக்காது. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கியது. 2012இல் நோக்கியா 808, 4.1 கோடி படப்புள்ளிகளை எட்டியது. அதன்பின் போட்டி லென்ஸிலிருந்து கணக்கீட்டுக்கு மாறியது: சிறிய லென்ஸில் புகும் வெளிச்சம் குறைவு என்பதால், அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குவது. கூகுளின் இரவுப் படமுறை (2018) இவ்வகையது. சாம்சங் கைபேசி எடுக்கும் நிலாப் படத்தில் எவ்வளவு லென்ஸ் கண்டது, எவ்வளவு மென்பொருள் வரைந்தது என்று 2023இல் எழுந்த விவாதம் முடிந்தபாடில்லை.

தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை இயங்கியது. 2019 முதல் அதே பகுதியில் ஐஃபோன்கள் பாகங்களை இணைத்துத் தயாரிக்கப்படுகின்றன. கோயிலில் கைபேசியால் படமெடுப்பது குறித்த வழக்கொன்றில், கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்வதைத் தடைசெய்யுமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

உலகெங்கும் விற்பனைக்கு அனுப்பப்பட்ட தனி டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கை 2010இல் சுமார் 12 கோடியாக இருந்தது. 2021இல் ஒரு கோடிக்கும் கீழே இறங்கியது. அண்மை ஆண்டுகளில் பல நாடுகளில் இளைஞர்கள் 2000களின் சிசிடி கேமராக்களைப் பழைய பொருள் கடைகளில் தேடி வாங்குகின்றனர். அவற்றில் பெரும்பாலானவற்றிலிருந்து படத்தை நேரே அனுப்ப முடியாது. மெமரி கார்டைக் கழற்றிக் கணினியிலோ கைபேசியிலோ செருக வேண்டும்.