உணவுக்குழாய்க் குறைபாடுகளும் அமில எதுக்களிப்பும்

இரைப்பையின் அமிலம் மேல்நோக்கி உணவுக்குழாய்க்குள் வருவது அமில எதுக்களிப்பு எனப்படும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று வழக்கில் சொல்லப்படுபவை இதன் முதன்மையான அறிகுறிகள். சித்த மருத்துவம் இவற்றைப் பெரும்பாலும் குன்மத்தின் குறிகுணங்களாகக் கொண்டது. செரிமான நீரால் உணவுக்குழாயில் புண் உண்டாகலாம் என்று 1879இல் குவின்கே எழுதினார்.

தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட தென் திருவிதாங்கூரில் அமிலம் சார்ந்த நோய்களைப் பற்றிய விரிவான பதிவு நெய்யூர் மிஷன் மருத்துவமனையிலிருந்து கிடைக்கிறது. 1920களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அங்கே பணியாற்றிய ஹோவர்ட் சோமர்வெல், முன்சிறுகுடற்புண்ணின் தழும்பால் இரைப்பையின் வாயில் அடைபட்டவர்களுக்கு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கும் அறுவையைப் பெரும் எண்ணிக்கையில் செய்தார். மரச்சீனிக்கிழங்கை மிகுதியாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைக் குன்னூரில் எலிகளுக்குக் கொடுத்த ஊட்டச்சத்து ஆய்வாளர் மெக்காரிசன், அவற்றில் பலவற்றுக்கு இரைப்பையில் புண் கண்டதால், உணவே காரணம் என்னும் கருத்து வலுப்பெற்றது. 1980களில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியின் பங்கு தெரிய வந்தபின் அக்கருத்து பின்தள்ளப்பட்டது. எனினும் உணவுக்கு யாதொரு பங்கும் இல்லை என்று அறுதியிட்டுக் கூறுவாரும் குறைவு. நெய்யூர் எழுத்துகளின் மையம் முன்சிறுகுடலே, உணவுக்குழாய் அன்று.

உணவுக்குழாயைப் பற்றிய விவாதம் அதே காலத்தில் மேல்நாடுகளில் நடந்தது. 1935இல் விங்கெல்ஸ்டைன் அமிலத்தால் வரும் உணவுக்குழாய் அழற்சியை விவரித்தார். இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளை வழியே மார்புக்குள் ஏறுவதான ஹயாட்டஸ் ஹெர்னியாவை அவ்வழற்சியோடு 1951இல் அலிசன் இணைத்துக் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில் பாரட், இரைப்பையின் படலத்தை ஒத்த உட்படலம் கொண்ட கீழ்க்குழாயை, பிறவியிலேயே குறுகிய உணவுக்குழாயால் மேலே இழுக்கப்பட்ட இரைப்பை என்று கருதியிருந்தார். அது உணவுக்குழாயே என்று 1953இல் அலிசனும் ஜான்ஸ்டோனும் மறுத்தனர், 1957இல் பாரட்டும் அதை ஏற்றார். ஆயினும் மறுத்தவரின் பெயரன்றிப் பாரட்டின் பெயரே அக்குறைபாட்டுக்கு நிலைத்துவிட்டது. அது எதுக்களிப்பின் காரணமன்று, நெடுநாள் விளைவு என்பதே இன்றைய கொள்கை.

ஹெர்னியா எதுக்களிப்பைத் தருகிறதா, எதுக்களிப்பால் தழும்பேறிச் சுருங்கிய குழாய் இரைப்பையை மேலிழுக்கிறதா என்பது முற்றிலும் தீர்ந்ததாகத் தெரியவில்லை, இரண்டும் நிகழலாம். ஹெர்னியா உள்ள பலருக்கு நெஞ்செரிச்சலே இருப்பதில்லை. குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசை, விழுங்காத நேரத்திலும் தற்காலிகமாகத் தளர்வதே பலருக்கு எதுக்களிப்பு வரும் வழி என்று 1980களின் ஆய்வுகள் காட்டின. இதற்கு நேர்மாறாக, அத்தசை தளராமல் இறுகும் அக்கலேசியா நோயில், அதை வெட்டித் தளர்த்தும் ஹெல்லரின் அறுவைக்குப் (1913) பிறகு எதுக்களிப்பு வருவதுண்டு. உணவுக்குழாய் தொடர்பறுந்து பிறந்து அறுவையால் பிழைக்கும் குழந்தைகளுக்கும் அது பரவலாகக் காணப்படுகிறது.

1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் வந்தபின் பெரும்பாலோர்க்கு மாத்திரையே மருத்துவமாயிற்று. இந்திய இரைப்பைக் குடலியல் சங்கத்தின் பணிக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆய்வுக்கு உட்பட்ட 3,224 பேரில் 7.6 விழுக்காட்டினருக்கு எதுக்களிப்பு நோய் இருந்தது.