பேர் யாருக்கு? 1855 கல்கத்தா சதுரங்க ஆட்டமும் அதன் தொடக்கமும்

ஊவாவின் பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், நாட்சம்பளக் கணக்கேடான செக்ரோலில் ஒருவரின் வேலை குறிக்கப்படுவதைப் 'பேர் போடுதல்' என்பர். முழுப் பேரா அரைப் பேரா என்பதில்தான் அன்றைய கூலி நிற்கும். ஏட்டில் ஏறாத உழைப்பு கணக்கில் வராது என்பதைத் தலைமுறைகளாக அறிந்த ஊவா மக்களுக்கு, சதுரங்க வரலாற்றில் நேர்ந்த ஒரு பேர்ப் பிசகு எளிதில் விளங்கும்.

தென்னிந்தியத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நோக்கி இலங்கை மலைகளுக்கு வந்துகொண்டிருந்த காலத்தில், 1855இல், கல்கத்தாவில் ஸ்கொட்லாந்து வழக்கறிஞர் ஜோன் கொக்ரேனும் வங்காளத்து மகேஷ்சந்திர பானர்ஜியும் ஆடிய ஆட்டமொன்று நகர்வு நகர்வாக எழுதிவைக்கப்பட்டது. கறுப்புக் காய்களுடன் ஆடிய பானர்ஜி, அரசன் பக்கக் குதிரையை முதலில் வெளியே எடுத்து, அப்பக்கக் குதிரைக்கு முன்நின்ற காலாளை ஒரே கட்டம் தள்ளி, மூன்றாவதாக அரசியின் காலாளை நடுவுக்கு அனுப்பி, நான்காவது நகர்வில் பிஷப் எனப்படும் அமைச்சரைப் பக்கவாட்டில் அமர்த்தி, பலகையின் நீண்ட மூலைக்கோட்டைத் தன் பார்வைக்குள் கொண்டுவந்தார். காய்களை அணிவகுக்கும் இந்த முதல் நகர்வுகளையே ஆட்டத்தின் தொடக்கம் என்பர். பழைய இந்திய விதிகளில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் என்பதால், அவ்விதிகளில் பழகியவருக்கு இந்தப் பொறுமையான அடுக்கு இயல்பாக வந்திருக்க வேண்டும்.

பானர்ஜி தோற்றார். 18ஆவது நகர்வில் அவர் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தியதும் மூன்றே நகர்வில் முடிவு உறுதியாயிற்று: வெள்ளைக் குதிரை விலக, அதுவும் அரசியும் ஒருங்கே அரசனைத் தாக்கும், மூலைக்கு ஒதுங்கிய அரசனருகே வெள்ளை அரசி தன்னைப் பலியிடும், அதைக் கோட்டை வெட்டியதும், தன் காய்களே வழியடைத்த அரசனைக் குதிரை மடக்கும். இத்தோல்வியின் பழி தொடக்கத்துக்கு உரியதன்று. அணிவகுப்பு முடிந்து வெகுநேரம் கழிந்த பிறகே ஆட்டம் கைநழுவியது.

1922இல் ஆஸ்திரியாவின் ஏர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் இதே தொடக்கத்தால் வியன்னாவில் சதுரங்க வீரர் அலெஹினை வென்றார். அவர் அதை ஆழ்ந்து ஆராய்ந்து வளர்த்தவர் என்பது உண்மை. எனினும் உலகெங்கும் அது 'குருன்ஃபெல்ட் தற்காப்பு' என்றே வழங்குவதால், அந்த வெற்றிக்கு 67 ஆண்டுகளுக்கு முன் ஆடியவரின் பேர் மறைந்து நிற்கிறது. ஊவாவில் சதுரங்கம் பயிலும் பிள்ளைகள் இந்த ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிப் பார்க்கும்போது, குறிப்பேட்டின் தலைப்பில் மகேஷ்சந்திர பானர்ஜிக்கும் முழுப் பேர் போடவேண்டும்.