கோடி

தெருக்கோடி என்றால் தெருவின் முனை. ஒரு கோடி என்றால் நூறு இலட்சம். இந்த இரண்டு பொருளும் தற்செயலாக ஒரே ஒலியில் சேரவில்லை, எண்ணுதலின் எல்லையாகத் தோன்றிய தொகைக்கே முனையின் பெயர் வந்தது என்பது என் கணிப்பு. வடமொழியிலும் கோடி என்பது வில்லின் நுனியையும் எண்ணையும் குறிக்கிறது. யசுர்வேத எண்வரிசையில் பத்தின் பதினோராம் அடுக்குக்குப் பெயரே ‘அந்தம்’. கோடிக்கு மேலும் எண்கள் உண்டே, அது எப்படி முனையாகும் என்று கேட்கலாம். உண்மைதான்; 499இல் ஆரியபட்டர் கோடிக்கு அப்பால் அர்புதம், விருந்தம் என்று அடுக்குகிறார். ஆனால் அந்தத்துக்குப் பின்னும் பரார்த்தம் உண்டு. எல்லை நகர்ந்தது, பெயர் தங்கிவிட்டது. மலாய்க்குப் போன இதே சொல் அங்கே ஒரு இலட்சத்தைத்தான் குறிக்கிறது. மதிப்பு அவ்வளவு இறுக்கமானதல்ல.

எண்ணிலேயே முனைக்குரிய தன்மை ஏதும் உண்டா என்று பார்த்தால், இல்லை. கோடி என்பது 2இன் ஏழாம் அடுக்கை 5இன் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. அடுக்கு ஒற்றைப்படை என்பதால் அது வர்க்க எண்ணாகாது, வகுஎண்கள் 64. பூஜ்ஜியமே இல்லாத இரண்டு எண்களின் பெருக்கலாக அதை ஒரே வழியில்தான் எழுத முடியும்: 128 × 78,125. அழகுதான், ஆனால் பத்தின் எந்த அடுக்கும் இப்படி இரண்டின் அடுக்காகவும் ஐந்தின் அடுக்காகவும் பிரியும். ஆகவே ‘முனை’ எண்ணின் குணமல்ல, எண்ணியவரின் களைப்பு.