குலம் பேசாத குலப்பேச்சு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் வழியிலுள்ள திருமயம், ஒரே குன்றில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் குடையப்பெற்ற ஊர். கோயில் வருவாய் பற்றி இரு சாராருக்கும் இடையே நெடுங்காலம் நீடித்த வழக்கைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசளத் தளபதி ஒருவர் முன்னிலையில் பேசித் தீர்த்து, பங்கு பிரித்துக்கொண்ட செய்தி அங்குள்ள கல்வெட்டில் காணப்படுகிறது. வழக்கு வெளிப்படையானது, ஆகவே தீர்ப்பும் எழுதி வைக்கத்தக்கதாக இருந்தது.

அப்பெருமாளின் பெயர் சத்தியமூர்த்தி. அதே பெயரைத் தாங்கி 1887 ஆகஸ்டு 19ஆம் நாள் அவ்வூரில் பிறந்த ஒருவர், பின்னாளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸின் நாவலராக விளங்கினார். தீரர் சத்தியமூர்த்தி என்று நாம் அறிந்தவர் அவரே. அவர் காலத்துக் காங்கிரஸில் நிகழ்ந்த தலைமைப் போட்டிகளைப் படித்து வருங்கால் ஒரு செய்தி புலப்படுகிறது. பகைக் கட்சியோடு பொருதும்போது குலத்தின் பெயரால் வரும் வசை வெளிப்படையாகவே வந்துவிடும். ஒரே கட்சிக்குள், ஒரே கொடியின்கீழ் நின்று போட்டியிடுவோர் அவ்வாறு பேச இயலாது. அங்கே அது வேறொரு சொல்லின் போர்வையில்தான் வரும்.

1937 தேர்தலில் சென்னைப் பல்கலைக்கழகத் தொகுதியைச் சத்தியமூர்த்தி இராஜாஜிக்காக விட்டுக்கொடுத்தார். வெற்றிக்குப்பின் அமைந்த அமைச்சரவையில் அவருக்கு இடமில்லை. நம்மவரான யாகூப் ஹஸன் சேட் அவ்வமைச்சரவையில் இருந்தார். 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவிக்குச் சத்தியமூர்த்தியின் ஆதரவோடு விருதுநகர் காமராஜரும், இராஜாஜியின் ஆதரவோடு கோவை சி. பி. சுப்பையாவும் நின்றனர். காமராஜர் 103 வாக்கும் சுப்பையா 100 வாக்கும் பெற்றனர். பின்னின்ற இருவரும் பிராமணர். முன்னின்ற இருவரும் பிராமணரல்லாதார். எனவே அந்தப் போட்டியில் குலத்தை ஆயுதமாக எடுக்க எவருக்கும் வழியிருக்கவில்லை. வென்ற சீடர் தலைவராக, குரு அவருக்குக் கீழே செயலாளராகப் பணியேற்றார். நம் மதரஸாக்களில் உஸ்தாதும் மாணவரும் இடம் மாறி அமர்வதை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

1942 நிலைமையை மாற்றிற்று. முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்கவேண்டுமென்ற தீர்மானத்தைச் சென்னைக் காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர்களைக் கொண்டு இராஜாஜி நிறைவேற்றினார். அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை நிராகரித்தது. அவர் காங்கிரஸை விட்டு விலகினார். ஆகஸ்டுப் போராட்டத்தில் அவர் சேரவில்லை. காமராஜர் ஏறக்குறைய மூன்றாண்டுகள் சிறையிலிருந்தார். சிறைப்பட்ட சத்தியமூர்த்தியோ நோயுற்று 1943 மார்ச்சு 28இல் சென்னையில் காலமானார். ஆகவே 1945இல் இராஜாஜி திரும்பிவந்து மீண்டும் தலைமைக்கு உரியவராகப் பேசப்பட்டபோது, "நாங்கள் சிறையிலிருந்த நாளில் இவர் எங்கே?" என்று தொண்டர்கள் கேட்டதற்கு அரசியல் காரணம் இருந்தது. பிறப்பைத் தொடாமலே கேட்கத்தக்க கேள்வி அது. ஆனால் ஜஸ்டிஸ் கட்சி தோன்றிய 1916 முதல் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற பேச்சு தமிழ் மண்ணில் ஊறிப்போயிருந்தது. ஆரியர், திராவிடர் என்ற இன வரலாறும் அதனுடன் பின்னிக் கிடந்தது. அந்த மண்ணில் எந்தக் கேள்வியும் தனித்து நிற்க முடியவில்லை.

1946 தொடக்கத்தில் இந்திப் பிரசார சபையின் வெள்ளிவிழாவுக்காகக் காந்தியடிகள் சென்னை வந்தார். மதுரைக்கும் பழனிக்கும் சென்ற அவரது பயணத்தில் இராஜாஜி உடனிருந்தார். திரும்பிச் சென்றபின், பிப்ரவரி 10ஆம் நாளிட்ட 'ஹரிஜன்' இதழில் அவர் எழுதினார். தென்னகத்தில் பொறுப்பேற்க இராஜாஜியினும் தகுந்தவர் இல்லை என்பது அதன் கருத்து. இராஜாஜியை எதிர்ப்போரைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'கிளிக்'. தன்னலங் கருதி ஒன்றுகூடிய சிறு கும்பல் என்ற இழிவுப் பொருள் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உண்டு.

அச்சொல்லில் சாதி இல்லை, இனமும் இல்லை. எவருடைய பெயரும் இல்லை. ஆயினும் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பெற்ற மாகாணக் காங்கிரஸ் தலைவர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட நாடார் குலத்தவர். அவரும் அவரைச் சார்ந்தோரும் ஒரு கும்பல். அவர்கள் எதிர்த்த கற்றறிந்த பிராமணரோ தகுதியின் உருவம் என்றல்லவா அது தமிழ்நாட்டில் கேட்டது! காமராஜர் மனம் புண்பட்டார். பார்லிமெண்டரி போர்டிலிருந்து விலகினார். காந்தியடிகள் சாதியை மனத்தில் வைத்து எழுதினார் என்று நான் நம்பவில்லை. நெடுநாள் நண்பரின் அருமையை அறிந்தவர், எதிர்த்தரப்பின் குறையைச் செவிமடுக்காமல் எழுதிவிட்டார். ஆனால் எய்தவர் நோக்கம் தூயது என்பதால் அம்பு தைக்காமல் போவதில்லை. இறுதியில் இராஜாஜி போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் ஆந்திரராகிய பிரகாசம் முதல்வரானார்.

அந்தப் போட்டியில் நம் சமுதாயம் வெறும் பார்வையாளரே. 1909 முதல் தனித்தொகுதி முறை நமக்கு வேறு பெட்டி வைத்திருந்தது. 1946இல் முஸ்லிம் லீக் 28 இடங்களை வென்று, காயிதே மில்லத் இஸ்மாயீல் ஸாஹிப் எதிர்க்கட்சித் தலைவராக அமர்ந்தார். காங்கிரஸார் மறைத்துப் பேசிய பிறப்பை நமக்குச் சட்டமே வாக்காளர் பட்டியலில் எழுதிக் காட்டியது. எது மேல் என்று தீர்ப்புக் கூற எனக்குத் துணிவில்லை.

சொன்னது ஒன்றாகவும் கேட்டது வேறாகவும் அமைந்த இத்தகைய பேச்சுக்கு நம் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஹிஜ்ரி 11இல் (கி.பி. 632) நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் எல்லைக்கு அனுப்பவிருந்த படைக்கு உஸாமா (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். இருபது வயதை எட்டாத இளைஞர். தந்தை ஸைத் (ரலி), விடுதலை பெற்ற அடிமை. தாய் உம்மு அய்மன் (ரலி), அபிசீனியப் பெண்மணி. மூத்த முஹாஜிர்கள் இருக்க இச்சிறுவரா என்ற முணுமுணுப்பு எழுந்தது. வயது பற்றிய பேச்சுத்தான் அது. பெருமானாரோ மிம்பரில் ஏறி, இவருடைய தலைமையைக் குறை கூறுவோர் முன்னர் இவர் தந்தையின் தலைமையையும் குறை கூறியவர்களே என்றும், அவரும் தகுதியுடையவராகவே இருந்தார், இவரும் அத்தகையவரே என்றும் விளக்கினார்கள். முஃதாப் போருக்குத் தலைமை தாங்கியபோது ஸைத் (ரலி) சிறுவரல்லர், ஐம்பதை அடுத்தவர். ஆகவே தந்தையை நினைவூட்டிய அக்கணமே, வயது என்ற போர்வை கழன்று விழுந்தது. ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தியைப் பாடம் நடத்தும்போதெல்லாம், சொல்லப்படாததற்கு விடை கூறிய அந்த நுட்பத்தில் என் மனம் நின்றுவிடும்.

அரபியில் இக்குல உணர்வுக்கு அஸபிய்யத் என்று பெயர். பரம்பரைச் சொத்துப் பங்கீட்டில் நாம் ஓதும் 'அஸபா', அதாவது தந்தைவழி உறவினர் என்பதும் அதே வேரில் முளைத்தது. கட்டுதல் என்பது வேர்ப்பொருள். இப்னு கல்தூன் அரசுகளை எழுப்பும் ஆற்றலே அதுதான் என்றார். நபிமொழிகளோ அதனைக் கண்டிக்கின்றன. இரண்டும் உண்மையாக இருப்பதில்தான் இடர்ப்பாடே உள்ளது. கட்டுகிற கயிறுதான் வெளியே நிற்பவனைத் தடுக்கும் கயிறும்.

அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சிக்குள்ளேயே வாக்கெடுத்துத் தெரிவு செய்வர். 2008 ஜனவரியில் தென் கரோலினாவில் ஹிலாரி கிளிண்டனைப் பராக் ஒபாமா வென்றபோது, ஹிலாரியின் கணவரும் முன்னாள் அதிபருமான பில் கிளிண்டன், அங்கே ஜெஸ்ஸி ஜாக்ஸனும் 1984இலும் 1988இலும் வென்றவர்தாம் என்றார். கூற்றில் ஓர் எழுத்தும் பொய்யன்று. ஆனால் ஜாக்ஸன் கறுப்பர். கட்சி வேட்பாளராக வர முடியாமற்போனவர். கறுப்பர் வாக்கால் கறுப்பர் வென்றார், அவ்வளவே என்று அது கேட்டது. ஒபாமா முஸ்லிம் என்ற புரளியும் அதே ஆண்டில் உலவிற்று. இல்லை, அவர் கிறிஸ்தவர் என்ற மறுப்பே எங்கும் கேட்டது. முஸ்லிமாக இருந்தால்தான் என்ன என்று அக்டோபரில் கேட்டவர், எதிர்க்கட்சியைச் சேர்ந்த காலின் பவல்.

வசையில் மட்டுமன்று, புகழிலும் இப்போர்வை உண்டு. 1954இல் இராஜாஜி முதல்வர் பதவியிலிருந்து விலகியபின், காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைமைக்குக் காமராஜரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராஜர் 93, சுப்பிரமணியம் 41. காங்கிரஸுக்கு வெளியே நின்று காமராஜரைப் பெரியார் பாராட்டிய சொல் 'பச்சைத் தமிழர்'. 1946இல் கும்பல் எனக் கேட்டவர்களுக்கு அது மருந்தாக இனித்திருக்கும். ஆயினும் பச்சைத் தமிழர் என்று ஒருவரைச் சொன்னால் பச்சையல்லாத தமிழர் யார் என்ற கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. தமிழ் முஸ்லிமுக்கு அக்கேள்வி பழையது. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்த பி. கலீபுல்லா ஸாஹிப், தாம் இராவுத்தர் என்றும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்றும், அதில் தமக்குப் பெருமை உண்டென்றும் சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. அவரே பின்னர், திருமயம் அடங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றினார்.

1954 ஏப்ரல் 13இல் காமராஜர் அமைத்த அமைச்சரவையில் எண்மர் இருந்தனர். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்துக்கும், அவரை ஆதரித்த பக்தவத்சலத்துக்கும் அதில் இடமளித்தார். திருமயம் கோட்டையைக் கட்டிய சேதுபதி மரபில் வந்த சண்முக ராஜேசுவர சேதுபதியும் இருந்தார். பிராமணர் ஒருவரும் இல்லை. முஸ்லிம் ஒருவரும் இல்லை. காமராஜர் 1962இல் அமைத்த அமைச்சரவையில் எஸ். எம். அப்துல் மஜீத் இடம்பெற்றார்.