பேட்ரிக் கெடிசின் சென்னைப் பணியும் மயிலாப்பூர் ஏரியின் மறைவும்: நகரமைப்பு வரலாற்றில் நீரின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியா வந்து, 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். சென்னை மாகாண நகரங்கள் குறித்து அறிக்கைகள் எழுதினார். நீர்நிலைகளைத் தூர்க்கக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய கருத்துகளுள் ஒன்று. எனினும், சில ஆண்டுகளுக்குள் சென்னையின் முதற்பெரும் திட்டமிட்ட குடியிருப்பான தியாகராய நகர், மயிலாப்பூர் ஏரியின் நீரை வடித்த நிலத்திலேயே உருவாயிற்று. இம்முரண் தோன்றிய சூழலையும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் அதன் தொடர்விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பேட்ரிக் கெடிஸ், மயிலாப்பூர் ஏரி, தியாகராய நகர், நகரமைப்புச் சட்டம் 1920, வெள்ளத் தாங்குதிறன்

முன்னுரை

சென்னையின் வெள்ளங்கள் பற்றிய பேச்சு பெரும்பாலும் 2015ஆம் ஆண்டில் தொடங்கி, அண்மைக்கால ஆக்கிரமிப்புகளைச் சுட்டி முடிகிறது. நீர்நிலைகளின் இழப்பு அண்மைக்கால ஒழுங்கீனத்தால் மட்டும் நேர்ந்ததன்று. சட்டப்படியும், திட்டப்படியும், நன்னோக்குடனும் செய்யப்பட்ட பணிகளாலும் அது நேர்ந்தது. தியாகராய நகர் அதற்குத் தக்க சான்று. அந்நகர் உருவாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அத்தகைய செயலுக்கு எதிரான வாதம் ஒரு நகரமைப்பு அறிஞரால் இம்மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது.

கெடிசின் வருகையும் சென்னைக் கண்காட்சியும்

1854இல் பிறந்த கெடிஸ் அடிப்படையில் தாவரவியலர். இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றினார். எடின்பரோவின் பழைய நகரப் பகுதியில் பாழடைந்த குடியிருப்புகளை இடித்துத் தள்ளாமல் சீரமைத்த அனுபவம் அவரை நகரமைப்புத் துறைக்கு இட்டுச் சென்றது. உயிரி தன் சூழலோடு கொள்ளும் உறவைப் போலவே நகரமும் தன் நிலத்தோடு உறவு கொள்கிறது என்னும் பார்வை அவருடைய வாழ்நாள் பணி முழுவதிலும் காணப்படுகிறது.

சென்னை ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் கெடிஸ் இந்தியா வந்தார். அவர் தனியே அனுப்பிய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் ‘கிளான் கிராண்ட்’ என்னும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. 1914 அக்டோபரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் அதை மூழ்கடித்தது. செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகப் பகுதியில் குண்டு வீசிய அதே எம்டன்தான் அது. பல்லாண்டுகள் தொகுத்த வரைபடங்களும் படங்களும் அழிந்தன. நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய மாற்றுத் தொகுப்பைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தில் கண்காட்சி தொடங்கப்பெற்றது.

அதே ஆண்டில் கெடிஸ் மாகாண நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மதுரை, தஞ்சாவூர் முதலியன அவற்றுள் இடம்பெற்றன. பின்னர் சென்னை அரசுக்கு நகரமைப்பு ஆலோசனை வழங்கியவர் கெடிசின் நண்பரான எச். வி. லான்செஸ்டர். சென்னை நகரமைப்பு குறித்த அவரது நூல் 1918இல் வெளிவந்தது. கெடிசோ இந்தூர் முதலிய பிற நகரங்களுக்கும், 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல், நகரியல் துறைக்கும் சென்றார். ஆகவே, சென்னையில் அவருடைய பணி அறிவுரை கூறுவதோடு நின்றது. நிறைவேற்றும் அதிகாரம் அவருக்கு ஒருபோதும் வாய்க்கவில்லை.

ஆய்வு முறையும் திணைக் கோட்பாடும்

கெடிசின் முறையியல் இரண்டு கூறுகளைக் கொண்டது. ஒன்று, திட்டத்துக்கு முன் கள ஆய்வு. மருத்துவர் நோயறிந்த பின்பே மருந்து தருவது போல, நகரின் நிலம், நீர், தொழில், மக்கள் வழக்கு ஆகியவற்றை நடந்து பார்த்து அறிந்த பின்பே வரைபடம் தீட்ட வேண்டும் என்றார். மற்றொன்று, பேணல்சார் அறுவை முறை. நேர்க்கோட்டுச் சாலைகளுக்காகத் தெருக்களை இடிக்கும் பொறியாளர் வழக்கத்தை மறுத்து, தேவையான இடத்தில் மட்டும் சிறிது விலக்கி, காற்றும் வெளிச்சமும் புக வழி செய்வதே அம்முறை. செலவும் மக்கள் இடப்பெயர்வும் இதனால் குறையும் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

இடம், தொழில், மக்கள் என்னும் மூன்றையும் இணைத்து நோக்கும் அவருடைய சட்டகம் தமிழ் ஆய்வாளர்க்கு முதல், கரு, உரி என்னும் பாகுபாட்டை நினைவூட்டும். மலை முதல் கடல் வரையுள்ள நிலப்பகுதிகளை அவற்றுக்குரிய தொழில்களோடு காட்டும் அவரது பள்ளத்தாக்குக் குறுக்குவெட்டுப் படம், குறிஞ்சி முதல் நெய்தல் வரையிலான திணை அடுக்கோடு ஒப்பிடத்தக்கது. அவர் தமிழ் மரபால் தூண்டப்பெற்றார் என்பதற்கில்லை. அப்படம் அவருடைய இந்திய வருகைக்கு முற்பட்டது. இரண்டும் தனித்தனியே தோன்றிய ஒத்த பார்வைகள் என்பதே பொருத்தம். நிலத்தின் இயல்பே வாழ்வின் ஒழுங்கை வகுக்கிறது என்பது இரண்டுக்கும் பொது. இவ்வகையில் நோக்கினால் மயிலாப்பூரும் அதன் மேற்கும் நெய்தலும் மருதமும் கலக்கும் நிலம். அங்கே ஏரி என்பது நிலத்தின் உறுப்பு.

நீர்நிலைகள் குறித்த நிலைப்பாடு

மலேரியாவுக்குக் காரணம் எனக் கூறிக் குளங்களையும் ஏரிகளையும் தூர்ப்பது அக்காலச் சுகாதார நிர்வாகத்தில் பரவலாக இருந்தது. கெடிஸ் தம் இந்திய அறிக்கைகளில் இதை எதிர்த்தார். குளங்கள் சூழலைக் குளிர்விக்கின்றன, மழைநீரைத் தாங்கிக்கொள்கின்றன, ஊரின் அழகுக்கும் வழிபாட்டுக்கும் உரியவை. கொசுவை ஒழிக்க மீன்களையும் வாத்துகளையும் வளர்த்தால் போதும். குளத்தையே ஒழிக்க வேண்டியதில்லை என்பது அவரது வாதம். தென்னகக் கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகளையும் திருக்குளங்களையும் அவர் வியந்து போற்றியதும் இதன் தொடர்ச்சியே.

ஏரியிலிருந்து நகருக்கு

மயிலாப்பூர் ஏரியும் நுங்கம்பாக்கம் ஏரியும் சேர்ந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என வழங்கினர். நுங்கம்பாக்கம் தொட்டுச் சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த அந்த ஏரி, நெடுங்காலம் நகரின் மேற்கு எல்லைபோல் விளங்கியது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் கரை கிழக்கில் அமைந்தது; இன்றைய அண்ணா சாலையின் தென்பகுதி அக்கரையை ஒட்டிச் செல்கிறது.

அதன் மறைவுக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. கிழக்கிலிருந்த பாசன நிலங்கள் படிப்படியாக வீட்டுமனைகளாயின; ஆயக்கட்டு சுருங்கிய ஏரி வருவாய்க் கணக்கில் பயனற்ற நிலமாகத் தோன்றியது. குடிநீருக்கு நகரம் புழல் ஏரியை நம்பத் தொடங்கியிருந்தது. 1921இல் சுமார் 5.27 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1931இல் சுமார் 6.47 லட்சமாயிற்று, நடுத்தர வகுப்பாரின் வீட்டுத் தேவை பெருகியது. 1920இல் நிறைவேறிய சென்னை நகரமைப்புச் சட்டம், மனைப்பிரிவும் சாலையும் பூங்காவும் கொண்ட திட்டங்களை வகுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிக்கு வழங்கியது. 1923 முதல் ஏரி வடிக்கப்பெற்று, மாம்பலத்தில் புதிய நகர் உருவாயிற்று.

இது நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் நடந்தது. சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்து 1925இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கும், முதன்மை அமைச்சர் பனகல் அரசர் பெயர் மையப் பூங்காவுக்கும் சூட்டப்பெற்றன. டாக்டர் டி. எம். நாயர், முகமது உஸ்மான் முதலியோர் பெயர்கள் சாலைகளுக்கு அமைந்தன. பூங்காவிலிருந்து பிரியும் சாலைகள், தோட்டத்துடன் கூடிய மனைகள், நிழல் மரங்கள் எனத் தோட்ட நகரக் கருத்தின் சாயல் இங்குத் தெளிவாகத் தெரிகிறது. 1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் இருப்புப்பாதை இப்பகுதியை நகரின் மையத்தோடு நெருக்கமாக இணைத்தது. நுங்கம்பாக்கம் பகுதியில் எஞ்சிய ஏரி நிலத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. இன்று லேக் வியூ சாலை, டேங்க் பண்ட் சாலை, லேக் ஏரியா என்னும் பெயர்களில் மட்டுமே ஏரி எஞ்சியுள்ளது.

முரணின் இயல்பு

கெடிசின் அறிவுரை புறக்கணிக்கப்பட்டது என்று மட்டும் கூறி இதை முடித்துவிட இயலாது. 1920ஆம் ஆண்டுச் சட்டமும் தியாகராய நகரும், கெடிசும் லான்செஸ்டரும் எழுப்பிய நகரமைப்பு ஆர்வத்தின் சூழலில் தோன்றியவையே. பூங்கா, காற்றோட்டம், ஒழுங்கான மனை ஆகியவை ஏற்கப்பட்டன. நிலத்தை அறிந்து திட்டமிடல் என்னும் அடிப்படை விடுபட்டது. சட்டத்தின் அலகு மனை. ஏரியின் அலகு நீர்ப்பிடிப்பு. வாய்க்கால், மதகு, கலிங்கல் ஆகியவற்றால் பிற நீர்நிலைகளோடு பிணைந்த ஒன்றைத் தனியொரு நிலத்துண்டாகக் கருத அச்சட்டம் இடம் தந்தது. எல்லைக்குள் திட்டம் நேர்த்தியாக அமைய, எல்லைக்கு வெளியிலிருந்து வரும் நீருக்குப் பொறுப்பேற்பார் இலராயினர்.

அன்று வீடு தேடியவர்களின் தேவை பொய்யானதன்று. நெரிசலான பழைய பகுதிகளிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கு இந்நகர் நல்வாழ்வு தந்தது. ஏரியை முழுவதும் காத்தல், முழுவதும் வடித்தல் என்னும் இரண்டுக்கும் இடையே, ஒரு பகுதியை நீர்த்தேக்கமாக விட்டு எஞ்சியதில் குடியமர்த்தும் வழி இருந்தது. பேணல்சார் அறுவை முறையை நிலத்துக்குப் பொருத்தினால் கிடைக்கும் வழி அதுவே. அதற்கு மாறாக, ஒரு பேரேரி செய்த வேலையின் பெரும்பங்கு, வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து அடையாற்றுக்குச் செல்லும் மாம்பலம் கால்வாயின் மீது சுமத்தப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டும் ஊருக்கு இது போதுமானதன்று. 2021 நவம்பரில் தியாகராய நகரின் தெருக்களில் நாள்கணக்கில் நீர் தேங்கியதை இவ்வரலாற்றினின்று பிரித்து நோக்க இயலாது.

மீட்பு முயற்சிகள்

அண்மைக்கால முயற்சிகள் சில, கெடிஸ் வலியுறுத்திய திசைக்குத் திரும்புவதைக் காட்டுகின்றன. 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் திருக்குளம், சித்திரக்குளம் ஆகியவை வழிபாட்டோடு நிலத்தடி நீருக்கும் உரியவை என்னும் உணர்வு வலுப்பெற்றது. அடையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிக் குப்பையும் இடிபாடுகளும் கொட்டப்பட்டிருந்த 58 ஏக்கர் சதுப்பு நிலம் மீட்கப்பெற்று, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நீர் தங்குவதற்கென்றே நிலத்தை விட்டுவைக்கும் இச்செயல், தியாகராய நகர் உருவான முறைக்கு நேர் எதிரானது.

2015 பெருவெள்ளத்துக்குப் பின், உலகின் நூறு நகரங்களுக்கான தாங்குதிறன் திட்டத்தின் கீழ்ச் சென்னைக்கென ஒரு செயலுத்தி ஆவணம் 2019இல் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்போர்க்கு இடம் தந்த அத்திட்டம் பாராட்டுக்குரியது. ஆயினும், இரண்டாண்டுகளுக்குள் வந்த வெள்ளம், தரைக்கு மேலுள்ள வடிவமைப்பு மட்டும் போதாது என்பதை உணர்த்தியது. அதன்பின் வெள்ளத் தடுப்புக்காக ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் வெ. திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது.

முடிவுரை

கெடிஸ் 1932இல் பிரான்சில் மறைந்தார். சென்னையில் அவர் பெயர் தாங்கிய கட்டடமோ தெருத்திட்டமோ அவருடைய பணியின் அளவுகோலன்று. அவர் முன்வைத்த வினாவே அளவுகோல்: திட்டமிடப்படும் நிலம் அதுவரை என்ன வேலை செய்துவந்தது? 1923இல் அவ்வினா எழுப்பப்பட்டிருந்தால், வருவாய்க் கணக்கில் பயனற்றதாகத் தோன்றிய ஏரி வெள்ளத்தைத் தாங்கும் பணியைச் செய்துவந்தது புலப்பட்டிருக்கும்.

1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. 2008இல் இரண்டாம் முழுமைத் திட்டம் வந்தது. இவற்றை மதிப்பிடுவோர் மனை அளவையும் சாலை அகலத்தையும் மட்டும் நோக்காமல், நீர்ப்பிடிப்பை அலகாகக் கொண்டு படித்தல் வேண்டும். வருவாய்த்துறைப் பதிவேடுகள், பழைய நில அளவைப் படங்கள், தெருப்பெயர்கள், கோயில் ஆவணங்கள் ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்து மறைந்த ஏரிகளின் மறுகால் வழிகளை வரைவது தமிழியல், வரலாறு, நகரமைப்பு ஆகிய மூன்று துறைகளும் கூடிச் செய்யத்தக்க பணி. மயிலாப்பூர் ஏரியை மீண்டும் நிரப்ப இயலாது. எஞ்சியுள்ள ஏரிகள் பயனற்ற நிலமாகக் கணக்கில் ஏறாமல் தடுக்க அப்பணி உதவும்.