இலுப்பை நெய்: ஒரு பொருளும் ஒரு பெயரும்

மேனிக்கும் கூந்தலுக்கும் பூசத்தக்க மரக் கொழுப்புகள் இந்நாளில் 'தாவர வெண்ணெய்' என்னும் பெயரால் விற்கப்படுகின்றன. மேலை ஆப்பிரிக்காவின் ஷியா, அமெரிக்க வெப்ப நாடுகளைத் தாயகமாகக் கொண்ட கொக்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையின் முருகல் ஆகியவற்றின் வித்துகளினின்றும் எடுக்கப்படுவன அவற்றுட் சில. அவற்றோடு 'இல்லிப்பே' என்னும் ஒன்றும் வைத்து எண்ணப்படுகின்றது. இப்பெயர் நம் இலுப்பையே என்பது கேட்ட அளவில் விளங்கும். ஆயின், அக்கொழுப்பைத் தரும் மரம் இலுப்பை அன்று. பெயர் தமிழினின்றும் சென்றது. பொருள் வேறொரு நாட்டினின்றும் வருகின்றது. இம்முரண்பாடு தோன்றிய வரலாற்றையும், அதனால் விளையும் பிழையையும் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நெய் என்னும் சொல்

முதற்கண் 'நெய்' என்னும் சொல்லை நோக்குவோம். எள்ளின் நெய் எண்ணெய். வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளுக்கே உரியதாய் இருந்த எண்ணெய் என்னும் சொல் நாளடைவிற் பொதுப்பெயராயிற்று. தேங்காயெண்ணெய், இலுப்பையெண்ணெய் என்பனவற்றோடு, நிலத்தினின்றும் கிடைத்த பொருளும் மண்ணெண்ணெய் எனப் பெயர் பெற்றது. அதன் பின்னர், எள்ளின் நெய்யைப் பிரித்துக் கூற நல்லெண்ணெய் என்னும் வேறொரு பெயர் வேண்டியதாயிற்று. ஆவின் பாலினின்றும் வந்ததா, வித்தினின்றும் வந்ததா என்னும் வேறுபாடும், இறுகியதா, உருகியதா என்னும் வேறுபாடும் நெய் என்னும் சொல்லில் இல்லை. நெய்ப்புத் தன்மை ஒன்றே அதன் அடிப்படை. குருதி நெய்த்தோர் எனப்பட்டதும் இதுபற்றியே எனலாம்.

ஆதலின், பழைய நூல்களில் உடலிலோ கூந்தலிலோ நெய் பூசியதாக வருமிடமெல்லாம் ஆவின் நெய் என்று உரைத்தல் பொருந்தாது. நற்றிணையின் 40ஆம் செய்யுள் புதல்வனை ஈன்ற தலைவியின் நிலையைக் கூறுகின்றது. அங்கு ஐயவியாகிய வெண்சிறுகடுகோடு 'நெய்யாட்டு' பேசப்படுகின்றது. அதனையடுத்து, அவளது யாக்கையை மென்மையாக்கிய பொருள் 'பசுநெய்' என அடைபெற்று வருகின்றது. 'பசு' என்பதற்கு ஆவினது என்றும் பொருள் கொள்ளலாம்; புதியது என்றும் கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும், அடையின்றி வந்த நெய்யாட்டின் நெய் யாது என்பதைச் சொல்லொன்றை மட்டும் கொண்டு துணிதல் இயலாது. சோழர் கல்வெட்டுகளின் நிலை வேறு. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்குமாறு அவை விதிக்கும். அங்கு ஆடுகளே சான்றாக நின்று நெய்யின் பிறப்பை அறிவிக்கின்றன. இத்தகைய சான்று உள்ளவிடத்துத் துணிதலும், இல்லாதவிடத்து அடங்கி நிற்றலும் ஆராய்வார் கடன்.

2. இலுப்பையும் அதன் நெய்யும்

சங்க நூல்கள் இலுப்பையை இருப்பை என்று கூறும். அங்குப் பெரிதும் பேசப்படுவது அதன் பூவே. கரடி அதனை விரும்பி உண்ணுதலை அகநானூற்றிற் காணலாம். 'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்னும் பழமொழியிலும் பூவே நிற்கின்றது. நெய்யின் பயனை அறிய ஊர் வழக்கையே நாடல் வேண்டும். வேனிலிற் பூத்து, ஆனி ஆடித் திங்களை ஒட்டி உதிரும் பழத்தின் வித்தை உலர்த்தி, ஓடு நீக்கிச் செக்கிலிட்டு ஆட்டுவர். பருப்பின் நிறையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாகும். அது கோயில் விளக்குக்கும், உடல் வலிக்கும், சொறி சிரங்குக்கும், வறண்ட தோலுக்கும், தலைக்கும் பயன்பட்டது. எஞ்சிய பிண்ணாக்கில் நுரைக்கும் பொருள் உண்டு. அதனை இடித்துத் தலைக்குத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும். பூசும் பொருளையும் அதனைக் கழுவும் பொருளையும் ஒரே வித்திலிருந்து பெற்றனர் நம் முன்னோர்.

இந்நெய் ஏறத்தாழ 23 முதல் 31 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகுவது. எனவே, சித்திரையில் நீராய் ஓடும் அதுவே மார்கழி விடியலிற் கலத்தில் உறைந்து நிற்கும். எண்ணெய், வெண்ணெய் என்னும் பிரிவு மரத்தில் இல்லை. பருவத்திலும் நாட்டிலுமே உள்ளது. இரண்டற்கும் பொதுவான நெய் என்னும் சொல் இவ்வியல்புக்கு மிகவும் ஏற்றதாகும்.

3. நைகர் ஆற்றங்கரைச் சான்று

இதே உண்மையை ஷியா மரத்தின் வரலாறும் வலியுறுத்துகின்றது. 1352இல் மாலி நாட்டுக்குச் சென்ற இபின் பதூதா, 'கர்த்தி' என்னும் ஒரு கனியின் கொட்டையினின்றும் எண்ணெய் எடுக்கப்படுதலைக் குறித்தார். அங்குள்ளார் அதனைச் சமையலுக்கும் விளக்குக்கும் கொண்டனர், உடலிலும் பூசினர், ஒருவகை மண்ணோடு கலந்து வீட்டுச் சுவருக்கும் பூசினர். அக்கனியை ஷியா என்றே அறிஞர் கொள்வர். 1796இல் அந்நாட்டைக் கண்ட ஸ்காத்துலாந்தினராகிய மங்கோ பார்க் அதனையே வெண்ணெய் என்றார். உப்பிடாமலே ஓராண்டு கெடாதிருத்தலையும் அதன் வெண்மையையும் வியந்தார். பொருள் ஒன்று, மொரோக்கோவினருக்கு அது எண்ணெய், ஸ்காத்துலாந்தினருக்கு வெண்ணெய். அந்நாட்டுப் பெண்டிர் வறுத்து இடித்த பருப்பை நீர்விட்டுக் கையாற் கடைந்து, மிதக்கும் கொழுப்பைத் திரட்டுவர். ஆதலின், வெண்ணெய் என்னும் பெயர் அங்கு ஓரளவு பொருந்தும். செக்கில் ஆட்டப்படும் நம் இலுப்பைக்கு அது பொருந்தாது.

இவ்விரு மரங்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. தரங்கம்பாடியில் மருத்துவராயிருந்த கேனிக் என்பார் ஆராய்ந்த இலுப்பை, லின்னேயசின் 1771ஆம் ஆண்டு நூலில் 'பாசியா' என்னும் இனப்பெயர் பெற்றது. பின்னர் ஷியாவும் அவ்வினத்திலேயே சேர்க்கப்பட்டு, மங்கோ பார்க்கின் பெயரால் 'பாசியா பார்க்கியை' எனப்பட்டது. இன்று அவை வெவ்வேறு இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இலுப்பை 'மதுகா' இனத்தைச் சேர்ந்தது.

4. பெயர் மாறிய வரலாறு

19ஆம் நூற்றாண்டில் இலுப்பை வித்தும் நெய்யும் மெழுகுத்திரிக்கும் சவர்க்காரத்துக்கும் பயன்படும் பொருள்களாக ஐரோப்பிய வணிகத்திற் புகுந்தன. அவற்றோடு தமிழ்ப்பெயரும் சென்றது. தாவர நூலார் சிலர் அதனை இனப்பெயராகவும் ஆண்டனர். போர்னியோத் தீவில் குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் சில உள. மலாய் மக்கள் தெங்காவாங் என்று வழங்கும் அவற்றின் கொட்டையும் கொழுப்பு மிக்கது. வணிகர் வழக்கில் இலுப்பை என்னும் பெயர் அக்கொட்டைக்கும் ஏறி, காலப்போக்கில் அதற்கே நிலைத்துவிட்டது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் சாக்கலேட்டு குறித்து இயற்றிய விதி, கொக்கோவின் கொழுப்பன்றி வேறு ஆறு கொழுப்புகளை 5 விழுக்காடு வரை சேர்க்க இசைவு தந்தது. அவற்றுள் ஒன்று 'இல்லிப்பே'. அங்கு அச்சொல் குறிப்பது போர்னியோ மரத்தையே.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. போர்னியோக் கொழுப்பு கொக்கோவின் கொழுப்பை ஒத்து இறுகி நிற்பது. உடல் வெப்பத்தை ஒட்டியே உருகுவது. நம் இலுப்பை நெய் அதனினும் மென்மையானது. ஒன்றைப் பற்றிய ஆய்வுரையை மற்றொன்றற்கு ஏற்றுவோர், பெயரை நம்பிப் பொருளை இழப்பர். இருவகைக் கொழுப்பும் தோலின்மேற் படர்ந்து ஈரம் அகலாது தடுக்கும்; மயிரை வழவழப்பாக்கும். ஆயினும், இறுக்கமும் உருகுநிலையும் வேறாதலின், பூசுமுறையும் அளவும் வேறாகும்.

5. முடிபு

மேற்கூறியவற்றால் இரண்டு கருத்துகளை முன்வைக்க விழைகின்றோம். ஒன்று: தாவர வெண்ணெய் என்னும் மொழிபெயர்ப்பை விடுத்து, மரநெய் என்று பொதுவாகவும், இலுப்பை நெய், கொக்கோ நெய், ஷியா நெய் என்று சிறப்பாகவும் வழங்கலாம். பழஞ்சொல்லே போதுமாயிருக்கப் புதுச்சொல் வேண்டுவதன்று. மற்றொன்று: இல்லிப்பே என வருமிடமெல்லாம் எம்மரம் என்று வினவிய பின்னரே இலுப்பை என எழுதுதல் வேண்டும். கோயில் தோப்புகளில் எஞ்சிய இலுப்பை மரங்களும் குறைந்துவரும் இந்நாளில், அதன் பெயரையேனும் அம்மரத்தினிடத்தே நிறுத்துதல் தமிழ் ஆய்வார்க்கு உரிய பணியாகும்.