கணிப்பொறிச் சாஸ்திரம் கரிசலுக்கு வந்த வழி

கரிசல் பூமியான ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில், பகலெல்லாம் பயர் ஆபீஸ் எனும் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் கணிப்பொறிப் படிப்புக்கென்று கல்லூரிப் பேருந்து ஏறுவது இன்று எவருக்கும் ஆச்சரியம் அளிப்பதில்லை. ஆயினும் அந்தப் படிப்பு நம் தேசத்துச் சர்வகலாசாலைகளுக்குள் பிரவேசித்த வரலாறு நம்மவர் பலரும் அறியாதது.

மேனாட்டிலேயே அது வெகு புதிய வித்தை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1953இல் ஒரு டிப்ளமா வகுப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் பர்டூவில் தனித்துறை ஏற்பட்டது 1962இல்தான். கல்கத்தாவின் புள்ளியியல் நிலையத்துக்கு 1955இலேயே கணிப்பொறி வந்துவிட்டதென்றாலும், பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையம் டிப்ராக் என்ற பொறியைத் தானே நிர்மாணித்துக்கொண்டதென்றாலும், அவை ஆராய்ச்சிக்கென்றே அமைந்த யந்திரங்கள். மாணாக்கன் கைபடும் யந்திரம் வந்தது 1963 ஆகஸ்டில், ஒன்பது அமெரிக்கக் கல்வி நிலையங்களின் உதவித் திட்டத்தின் வாயிலாக, கான்பூர் ஐ.ஐ.டி.க்கு. ஐ.பி.எம். 1620 என்பது அதன் பெயர். அமெரிக்காவிலிருந்து கணிப்பொறி நிபுணர் ஹாரி ஹஸ்கி வந்திருந்தார். கான்பூர் ஆசிரியர்களான கேசவனும், ஈரோட்டில் பிறந்த வை. ராஜாராமனும் உடன் நின்றனர்.

அந்த 1620இன் முதல் வடிவத்தில் ஒரு விநோதம் உண்டு: அதற்குக் கூட்டத் தெரியாது! கூட்டல் வாய்ப்பாட்டை நினைவகத்தில் எழுதி வைத்து, ஒவ்வோர் இலக்கத்துக்கும் அதைப் பார்த்துப் பார்த்தே விடை சொல்லும். மாணாக்கன் தன் கட்டளைகளை ஃபோர்ட்ரான் மொழியில் எழுதி, எண்பது பத்திகள் கொண்ட அட்டைகளில் துளையிட்டு, கட்டாக அடுக்கிக் கொடுக்கவேண்டும். ஓர் அட்டை இடம் மாறினாலும் கணக்கு கெட்டது. யந்திர அறையைப் பூட்டி வைக்காமல் மாணாக்கருக்குத் திறந்துவிட்டதும், பிற கல்லூரி ஆசிரியர்களை அழைத்துக் குறுகிய காலப் பயிற்சி அளித்ததுமே கான்பூரின் பெருமை என்பேன். யந்திரம் வாங்கியவர்கள் வேறு பலரும் உண்டு.

சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் தனித்துறை தோன்றிற்று. கான்பூரிலோ கணிப்பொறியில் இளநிலைப் பட்டத்துக்கே 1978 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி எழுந்ததும் அதே 1963இல்தான்; எனினும் பொறியியற் கல்வி வந்தது 1984இல், அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்கு வழிவிட்ட பின்னரே. அவ்வாண்டு கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும், சிவகாசியருகே மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் தோன்றின. மெப்கோ என்பது மத்தாப்பூவுக்குப் பளபளப்பூட்டும் அலுமினியத் தூள் செய்யும் நிறுவனத்தின் பெயர். வெடிமருந்துத் தொழிலின் செல்வமே கல்விக்கு முதலாயிற்று. ஆனால் கட்டணம் பெற்றோர் தலையில் விழுந்தது.

அதனால்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜாராமன் தலைமையிலான குழு வகுத்த எம்.சி.ஏ. படிப்பை அக்கல்லூரிகளைவிடப் பெரிய உபகாரமாக நான் மதிக்கிறேன். பொறியியற் கல்லூரி வாசலை மிதிக்க இயலாமல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் கணிதம் படித்து பி.எஸ்ஸி. முடித்த பிள்ளையும் அதன் வழியே இத்துறைக்குள் நுழைய முடிந்தது.